தங்கமீன் ஏன் வளரவில்லை?



வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நம்மோடு வாழும் உயிர்களைப் பற்றி இப்பகுதியில் மாதந்தோறும் பேசி வருகிறோம். இம்மாதம் விரல் நீளமே உள்ள ஓர் உயிரைப் பற்றிப் பேசலாம். கேள்வியைத் தொடுத்தவன் என் தம்பி மகன். அவனுக்கு வயது பதினொன்று. கேள்வி சிறிதாகத் தோன்றினாலும் விடை சிறிதன்று. உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்குமானால், இதனை ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

மதுராந்தகத்திலிருந்து வேடந்தாங்கலுக்குச் செல்லும் வழியில் ஒரு சிற்றூரில் தம்பி குடியிருக்கிறார். எங்கள் அம்மாவும் அவருடனேயே இருக்கிறார்கள். பறவைகள் நிறைந்திருக்கும் தை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை அங்கே போய்ச் சேர்ந்தேன். தேநீர் வருவதற்குள் பையன் என் கையைப் பிடித்து அலமாரியின் அருகே அழைத்துச் சென்றுவிட்டான். அங்கே ஒரு வட்டக் கண்ணாடிக் கிண்ணம். நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் வண்ணக் கூழாங்கற்கள். நடுவே ஒரே ஒரு தங்கமீன். வாலையும் சேர்த்து அளந்தால் இரண்டு அங்குலம் இருக்கும்.

"பெரியத்தா, இதை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. நாளைக்கு நாம வேடந்தாங்கல் போறோம்ல, இதையும் கொண்டுபோய் ஏரியில விட்டுடலாமா? பெரிய தண்ணியில விட்டா பெரிசா வளந்துடும்ல?" என்று கேட்டான்.

முதலில் இரண்டு மீன்கள் இருந்தனவாம். ஒன்று சென்ற கோடையில் செத்துப்போயிற்று. அதனை முருங்கை மரத்தடியில் அவனே குழி தோண்டிப் புதைத்திருக்கிறான். எஞ்சியிருப்பதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அதற்காகத் தன் மீனைப் பிரியவும் அவன் துணிந்துவிட்டான்.

ஆக, கேள்விகள் இரண்டு. மீன் ஏன் வளரவில்லை? அதனை ஏரியில் விடலாமா? இரண்டுக்கும் விடை தேடுவோம்.

எவ்வளவு வளர வேண்டிய மீன்?

கடைகளில் கோல்டு ஃபிஷ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் குழம்பு வைக்கும் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றுக்கு அது உறவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சீன நாட்டில், மங்கிய நிறமுள்ள கெண்டைகளிடையே எப்போதேனும் பிறந்த பொன்னிறக் குஞ்சுகளைத் தனியே பிரித்துக் குளங்களில் வளர்த்தார்கள். அங்கிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. பிறப்பாலும் பழக்கத்தாலும் அது குளத்து மீன். கிண்ணத்து மீன் அன்று.

நல்ல நீரும் இடமும் கிடைத்தால், நீண்ட உடலுள்ள சாதாரணத் தங்கமீனும் காமெட் வகையும் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டை உடலுள்ள ஒராண்டா, ரியுகின், பிளாக் மூர் போன்ற வகைகள் 15 முதல் 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். 2003ஆம் ஆண்டு நெதர்லாந்தில் அளக்கப்பட்ட ஒரு தங்கமீன் 47.4 சென்டிமீட்டர் நீளம் இருந்தது. ஆயுளும் அப்படியே. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இதற்கு இயல்பு. இங்கிலாந்தில் 1956இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளாகியும் இரண்டே அங்குலம் இருக்கும் நம் மீனைப் பாருங்கள். அது சிறிய மீன் அன்று. வளர்ச்சி தடைப்பட்ட மீன்.

பாத்திரத்தின் அளவுக்கு மீன் வளருமா?

"கிண்ணம் சிறியது என்றால் மீனும் அதற்கேற்பச் சிறியதாக இருந்துகொள்ளும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். மீனே அறிந்து தன் உடலை அடக்கிக்கொள்வதுபோல இது காதுக்கு இனிமையாக இருக்கிறது. உண்மை அதுவன்று. மீனுக்குக் கண்ணாடிச் சுவரை அளந்து பார்க்கும் கணக்கு எதுவும் தெரியாது. அதன் வளர்ச்சியைத் தடுப்பது முதன்மையாகச் சுவரன்று, அச்சுவருக்குள் தேங்கி நிற்கும் நீர்.

மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள்கள் வழியே நீரில் கலக்கிறது. சாணம் போன்ற திடக்கழிவும், தின்னாமல் மிச்சமான தீனியும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அளவு மிகுந்தால் உடனே கொன்றுவிடும். அளவு குறைவாக இருந்து நாள்தோறும் தொடர்ந்தால், கொல்லாமல் வாட்டும். செவுள்கள் தடித்துப் புண்ணாகும். மூச்சு வாங்கும். பசி குறையும். உண்ட சிறிதளவு உணவின் சக்தியும் உயிரைத் தாங்கிக்கொள்வதிலேயே செலவாகிவிடும். உடல் வளர மிச்சம் ஒன்றும் இராது.

தங்கமீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். நான்கு லிட்டர் தண்ணீரில் அந்தக் கழிவு என்ன அடர்த்திக்கு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். அதே மீன் நூறு லிட்டரில் இருந்தால் அது இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும்.

உளூச் செய்யும் நீரை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? நிறம், மணம், சுவை மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். தம்பி வீட்டுக் கிண்ணத்து நீரில் நிறமும் மாறவில்லை, மணமும் மாறவில்லை. பளிங்குபோல் இருந்தது. மீனுக்குத் தீங்கு செய்யும் அளவு அம்மோனியா கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. வண்ண மீன் கடைகளில் இதைச் சோதிக்கும் சொட்டுமருந்து கிடைக்கிறது. நான் ஒன்று வாங்கிச் சென்றிருந்தேன். சிறு குப்பியில் கிண்ணத்து நீரை எடுத்துச் சொட்டுகளை விட்டோம். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், ஐந்து நிமிடத்தில் கரும்பச்சையாயிற்று. பையன் வாயடைத்துப் போனான்.

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

"ஆனா நாங்க வாராவாரம் கழுவுறோமே!" என்றார் தம்பியின் மனைவி. உண்மைதான். ஜும்ஆவுக்கு முன் வீடு கழுவும்போது கிண்ணமும் கழுவப்படுகிறது. மீனை ஒரு சொம்பில் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை மீண்டும் விடுகிறார்கள். அக்கறைக்குக் குறைவில்லை. குறை எங்கே என்றால், அந்தச் சுத்தத்தில்தான்.

எந்த நீர்நிலையிலும் கற்களின் மேலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள் படிந்து வாழ்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதை அது தடுக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட், சிறிய அளவில் மீனைப் பெரிதும் பாதிப்பதில்லை. பாசியும் செடியும் அதை உரமாக எடுத்துக்கொள்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் ஒரு புதிய தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாமோ ஏழாம் நாளே சோப்புப் போட்டு அவற்றைக் கழுவி விடுகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மீன் புதிய கிண்ணத்தில், துணையின்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. வியாழக்கிழமைக்குள் நஞ்சு ஏறிவிடுகிறது.

இதனோடு இன்னொன்று. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் நோய்க்கிருமிகளை அழிக்க பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். நமக்கு அது நன்மை. ஆனால் அதிலுள்ள குளோரின் மீனின் செவுளை அரிக்கும், நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்திருந்தாலே குளோரின் பெரும்பகுதி வெளியேறிவிடும். அந்த ஒரு நாள் பொறுமை நமக்கு இருப்பதில்லை.

மதகு உள்ள ஏரி

மறுநாள் ஜும்ஆ முடிந்து வேடந்தாங்கலுக்குப் போனோம். மீனை வீட்டிலேயே விட்டு வந்தோம். "விடுறதா வேண்டாமான்னு ஏரியப் பாத்துட்டு நீயே சொல்லு" என்று பையனிடம் சொல்லியிருந்தேன்.

தாங்கல் என்றால் பாசனத்திற்காக நீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கல் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ளது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய நீருக்குள் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் கழுத்தளவில் நிற்க, அவற்றின் மேல் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கரையில் நின்று பார்த்தோம். நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், அரிவாள்மூக்கன், வக்கா. மரங்கள் எச்சத்தால் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துக் கிடந்தன. அந்த எச்சம் முழுவதும் கீழேயுள்ள தண்ணீரில்தான் விழுகிறது. ஒரு மீன் அல்ல, இரு மீன் அல்ல, பல்லாயிரம் பறவைகளின் கழிவு, மாதக்கணக்கில்!

"அப்போ இந்தத் தண்ணி நம்ம கிண்ணத்தவிட விஷமா இருக்கணுமே?" என்றான் பையன். அவன் கேட்டது சரியான கேள்வி.

ஏரியின் அடிச்சேற்றிலும், நீரில் மூழ்கிய வேர்களிலும், கரைக் கற்களிலும் நாம் முன்பு சொன்ன நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை எச்சத்தின் நைட்ரஜனைப் பயிர் உண்ணும் உரமாக மாற்றுகின்றன. பாசி கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது மதகு வழியே வயலுக்குப் போகிறது. அந்த நீர் பாய்ந்த நிலத்தில் விளைச்சல் பெருகும் என்பதைச் சுற்றியுள்ள உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறார்கள். பறவை அவர்களுக்கு விருந்தாளி மட்டுமன்று, உரம் தருகிற கூட்டாளி.

அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 1858இல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 2022இல் உலகளாவிய ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் இது.

கிண்ணத்தையும் ஏரியையும் இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் கழிவு விழுகிறது. ஏரிக்குச் சேறு இருக்கிறது, செடி இருக்கிறது, வரத்துக் கால்வாய் இருக்கிறது, மதகு இருக்கிறது, மதகுக்கு அப்பால் கழிவை வாங்கிக்கொள்ள வயல் இருக்கிறது. கிண்ணத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதன் மதகு நாம்தான். நாம் திறக்காவிட்டால் திறக்க வேறு ஆளில்லை.

சோறு, வெயில், நோய்

நீர்தான் தலையாய காரணம். ஆயினும் அது ஒன்றே காரணமன்று. மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது தீனி. எங்கள் அம்மா காலையும் மாலையும் அந்த மீனுக்கு இரண்டு சோற்றுப் பருக்கை போடுவார்கள். பிஸ்கட் தூளும் போடுவதுண்டு. வளரும் மீனுக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். சோற்றில் அது குறைவு. சோறு வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது, மிச்சம் ஊறி நீரையும் கெடுக்கும். அத்துடன், தங்கமீனுக்கு நமக்குள்ளது போன்ற இரைப்பை இல்லை. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. ஆகவே ஒரே வேளையில் அள்ளிப் போடாமல், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை நாளைக்கு இரண்டு மூன்று முறை போடுவதே முறை. தங்கமீனுக்கென்று விற்கும் குருணைத் தீனியைச் சிறிது நனைத்துப் போடலாம். இடையிடையே தோல் நீக்கி வேகவைத்த பட்டாணியை நசுக்கித் தரலாம். டப்பாவைத் திறந்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் தீனியின் வைட்டமின் சத்துப் போய்விடும். சிறிய டப்பாவாக வாங்குங்கள்.

இரண்டாவது வெயில். தங்கமீன் மிதமான குளிர்ச்சியை விரும்புவது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. நம் செங்கல்பட்டுப் பகுதியில் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் சூட்டினால் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. மேலே குறுகும் வட்டக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினால் காற்றுப்படும் பரப்பும் சுருங்கிவிடும். முருங்கை மரத்தடியில் புதைக்கப்பட்ட மீன் பெரும்பாலும் இதனால்தான் இறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நோய். நங்கூரப் புழு, மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகள் உடலில் தொற்றினால் தின்ற சத்தை அவை உறிஞ்சிவிடும். மீன் கல்லில் உடலை உரசுவது, செதிலில் நூல்போல ஏதேனும் தொங்குவது, வயிறு ஒட்டி முதுகு வளைவது ஆகியவை அடையாளங்கள். பல மீன்கள் இருக்கும் தொட்டியில் வலியது தீனியைப் பறித்துக்கொள்ள, எளியது மெலிந்துபோவதும் உண்டு.

நான்காவது பருவம். மீனின் வேகமான வளர்ச்சி அதன் முதல் ஓரிரு ஆண்டுகளில் நிகழ்கிறது. அந்தக் காலத்தை நாம் வீணாக்கிவிட்டால், பின்னர் எவ்வளவு நல்ல நீரில் விட்டாலும் இழந்தது முழுவதும் திரும்பி வருவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே மனம் கனத்தது. கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நான் சோறு போட்டே கெடுத்துட்டேனா?" என்றார்கள். இல்லை அம்மா, தெரியாமல் செய்தது கொடுமை ஆகாது. தெரிந்த பின்பு மாற்றாமல் இருந்தால்தான் அது நம்மேல் நிற்கும்.

ஏரியில் விடலாமா?

இப்போது இரண்டாம் கேள்வி. ஏரி அவ்வளவு நல்லதென்றால் மீனை அங்கே விட்டுவிட்டால் என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் என்ற நகரம் இருக்கிறது. 2021 ஜூலையில் அந்நகர நிர்வாகம் ஓர் ஏரியில் பிடித்த தங்கமீன்களின் படங்களை வெளியிட்டு, வீட்டு மீன்களைக் குளம் குட்டைகளில் விடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒவ்வொன்றும் கால்பந்து அளவுக்குப் பருத்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றிலும் இப்படியே. யாரோ விட்ட தங்கமீன்கள் பெருகி, ஏறக்குறைய இரண்டு கிலோ எடை வரை வளர்ந்திருந்ததை மர்டோக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

"பாத்தீங்களா, வளந்துடுச்சு!" என்று பையன் துள்ளினான். ஆம், வளர்ந்துவிட்டது. கிண்ணத்தில் மீனிடம் குறையில்லை, நீரிடம்தான் குறை என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தது யார்? தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். நீர் கலங்கும். நீர்ச்செடிகள் வேரற்றுப் போகும். மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்னும். அதன் உடலில் ஒட்டி வந்த புழுவும் பேனும் நோயும் அந்த நீரின் சொந்த மீன்களுக்குப் பரவும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் சக்கர் மீன், இப்படித்தான் யாரோ விட்டதால் சென்னைப் பக்கத்து ஏரிகளில் பெருகி, வலை வீசுபவர்களின் வலையைக் கிழிக்கிறது. அதனை வாங்கித் தின்பாரும் இல்லை.

மீனின் பக்கமிருந்தும் பாருங்கள். கிண்ணத்தில் பிறர் கையால் தின்று பழகிய உயிர் அது. சிவந்த நிறம் நீரில் தொலைவிலிருந்தே தெரியும். ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் பசித்த குஞ்சுகளோடு இருக்கும் இடத்தில் அதை விடுவது விடுதலையா? பிழைத்தால் ஏரிக்குக் கேடு, பிழைக்காவிட்டால் மீனுக்குக் கேடு. இரண்டில் எதுவானாலும், பொறுப்பைக் கைகழுவியது நாம்தான்.

கரையில் நின்ற பையன் ஒரு நாரை தன் குஞ்சுக்கு இரையூட்டுவதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "வேண்டாம் பெரியத்தா, வீட்லயே வெச்சுக்குறேன்" என்றான்.

வைத்துக்கொள்வது எப்படி?

வைத்துக்கொள்வதென்றால் முறையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

முற்றமோ கொல்லையோ உள்ள வீட்டில், மூன்றடி விட்டமுள்ள ஒரு சிமெண்டுக் கிணற்று உறையை வைத்து அடியைப் பூசிவிடுங்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு நீர் நிரப்பினால் 300 லிட்டர் வரும். மூன்று நான்கு தங்கமீன்களுக்கு அது தாராளம். புதிய சிமெண்டின் சுண்ணாம்பு மீனைக் கொல்லும். ஆகவே நீரை நிரப்பி ஒரு வாரம் விட்டுக் கொட்டி, இப்படி மூன்று முறை செய்த பிறகே மீனை விடுங்கள். வெயில் நேராக விழாத இடமாக இருக்கட்டும். மேலே உறுதியான கம்பி வலை கட்டாயம் வேண்டும். கொக்குக்காக மட்டுமன்று, வீட்டில் தவழும் குழந்தைக்காகவும்.

அடுக்குமாடியில் வாழ்வோர், மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி வாங்கலாம். விளிம்புவரை கணக்கிட்டால் 85 லிட்டர். அதில் ஒரு மீன் போதும். மீன் பெரிதாகும்போது தொட்டியும் பெரிதாக வேண்டும். வட்டக் கிண்ணத்தைப் பூ வைக்கப் பயன்படுத்துங்கள்.

சிறிய காற்று மோட்டாரும் பஞ்சு ஃபில்டரும் பொருத்துங்கள். அந்தப் பஞ்சுதான் நல்ல நுண்ணுயிர்களின் வீடு. அதைக் குழாய் நீரிலோ சோப்பிலோ கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து அலசுங்கள். புதிய தொட்டியில் முதல் ஆறு வாரங்களுக்குத் தீனியைக் குறைத்து, அடிக்கடி சிறிது சிறிதாக நீரை மாற்றி வாருங்கள். அதன் பிறகு வாரத்திற்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த நீரை ஊற்றினால் போதும். வெள்ளிக்கிழமைப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. முழுவதும் கொட்டும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும்.

எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மல்லிகைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள். வேடந்தாங்கல் மதகு வயலுக்குத் தருவதைத்தான் நீங்கள் உங்கள் செடிக்குத் தருகிறீர்கள்.

எதுவும் இயலாதென்றால், மீனை விற்ற கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் ஏற்பவர்கள் கிடைப்பார்கள். இனிமேல் வாங்குவதென்றால், மீனுக்கு முன் தொட்டியை வாங்குங்கள்.

பூனை ஒன்றைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் நிலை பற்றிய நபிமொழியை நாமெல்லாரும் கேட்டிருக்கிறோம். அப்பெண் பூனையை அடித்ததாக அங்கே சொல்லப்படவில்லை. அடைத்தாள், அடைத்த பின் அதன் தேவையை மறந்தாள். தன் வழியைத் தானே தேடிக்கொள்ள இயலாதபடி ஓர் உயிரை நாம் அடைத்துவிட்டால், அதன் வழி முழுவதும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அது அமானிதம். பறவைக்குக் கூண்டானாலும் மீனுக்குக் கண்ணாடியானாலும் கணக்கு ஒன்றே.

நான்கு மாதங்களுக்குப் பின் மறுபடியும் தம்பி வீட்டிற்குப் போனேன். தாழ்வாரத்து ஓரம் கிணற்று உறையில் நம் மீன் நீந்திக்கொண்டிருந்தது. பையன் அளவுகோலைப் பக்கவாட்டில் பிடித்து அளந்து காட்டினான். மூன்று அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. தன் வயது மீனின் அளவை அது எட்டவில்லை. எட்டாமலே போகவும் கூடும். ஆனால் அது வளரத் தொடங்கிவிட்டது.

அம்மா பக்கத்தில் மோடாவில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தீனி டப்பா. எண்ணி ஆறு குருணை போட்டுவிட்டு மூடியை இறுக மூடினார்கள்.

வஸ்ஸலாம்.